பத்து நாள் காத்திருந்த துப்பாக்கி

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள். நடுவில் எழுந்து போக விடமாட்டேன். இன்றைக்கு ஒரு துப்பாக்கிக் கதை. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துப்பாக்கி வாங்கினார். அது யாரைப் பார்த்து நீளப் போகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் கிளம்பினார்கள். சுட்டதா, சுடவில்லையா என்று இப்போதே கேட்காதீர்கள். பயமாக இருந்தால் என் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை. சான் ஹோசேயிலிருந்து லிவர்மோருக்குப் போகிற ஃப்ரீவேயில், மலை ஏறும் இடத்தில், கார்கள் எல்லாம் எறும்பு வரிசையாக நின்றிருந்தன. முன்னால் எங்கோ விபத்து. நின்றிருந்த கார் ஒன்றில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் யாமினி. பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் நஞ்சுண்டன்.

நஞ்சுண்டன் துப்பறிவாளர். இருபத்திரண்டு வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடித்தவர். அப்புறம் சொந்தமாக லைசென்ஸ் எடுத்தார். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான் வரும்: பையனுக்கு நிஜமாகவே கிரீன் கார்டு வந்துவிட்டதா, 'ரூம்மேட்' என்று சொல்கிறானே அது ஆணா பெண்ணா. யாமினி வேளச்சேரிப் பெண். சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவளை ஒரு நாள் மின்னஞ்சலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரிடம் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. வாய் மட்டும் ஒரு நாளும் வேலை இழந்ததில்லை.

"பாஸ், தூங்கறீங்களா, துப்பறியறீங்களா?"

"அந்தப் பையன் பேசினதை இன்னொரு தடவை போடு."

யாமினி போனைத் தட்டினாள். நியூ ஜெர்சியிலிருந்து சபரிநாதன் என்ற இளைஞன் அனுப்பிய குரல். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புகள்.

"நஞ்சுண்டன் அங்கிள், நேத்து சொன்னதுதான். அம்மாவோட ஈமெயில் எல்லாம் இப்ப எனக்குத்தான் வருது. அப்பா எங்க போனாலும் அந்த ஈமெயிலைத்தான் குடுப்பாரு. அதுல ஒரு கன் ஷாப்ல இருந்து மெயில். 'கருப்பசாமி, சட்டப்படி உங்க பத்து நாள் வெயிட்டிங் முடியுது, வியாழக்கிழமை பத்து மணிக்கு மேல வந்து வாங்கிக்கலாம்'னு. அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. அப்பா அந்த வீட்ல தனியா இருக்காரு. எறும்பைக்கூட நசுக்க மாட்டாரு அங்கிள். அவருக்கு எதுக்கு கன்? எனக்கு அந்த வார்த்தைய வாயால சொல்ல முடியல. போர்டிங்ல நிக்கறேன். பன்னண்டே முக்காலுக்கு ஓக்லண்ட்ல லேண்ட் ஆவேன். அப்பாவுக்குத் தெரியாது, சொன்னா வராதேன்னுடுவாரு. டோர் கோடு எங்கிட்ட இருக்கு, நேரா உள்ள போயிடுவேன். அதுவரைக்கும் அவர் தனியா இருக்கக் கூடாது. ப்ளீஸ்."

குரல் நின்றது. கார்கள் நகரவில்லை.

"அப்பாவுக்கு ஒரு போனைப் போட்டு 'எதுக்குப்பா துப்பாக்கி?'ன்னு கேட்டா என்னவாம்?" என்றாள் யாமினி.

"கேட்டா பதில் வந்துடுமேன்னு பயம்."

"அப்ப போலீஸ்?"

"தனியா உக்காந்திருக்கற மனுஷன் வீட்டுக்குள்ள, இடுப்புல துப்பாக்கியோட நாலு பேரை அனுப்பச் சொல்றியா?"

"நாம நேரா வீட்டுக்கே போயிடலாமே?"

"போனா காபி குடுத்து, 'எனக்கு ஒண்ணுமில்லைங்க'ன்னு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிடுவாரு. கடையில, அது கைக்கு வர்றதுக்கு முன்னாடி பிடிக்கணும்."

"பத்து மணிக்கு. இப்ப மணி பத்தரை, பாஸ். நாம இன்னும் ஆட்டுமந்தைல நிக்கறோம்."

மலை மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கார்களில் எல்லாம் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள். ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டி.

*

பதினொன்றே முக்காலுக்குத்தான் கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில், சலூன் மாதிரி அடக்கமான ஒரு கடை. கதவில் ஒரு காகிதம்: 'முதல் தடவையா? தயங்காமல் உள்ளே வாருங்கள்.'

"மெட்டர்னிட்டி ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு," என்று முணுமுணுத்தாள் யாமினி.

உள்ளே கருப்பசாமி இல்லை. வேறு வாடிக்கையாளர் யாருமே இல்லை. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி. நரைத்த முடியைக் குதிரைவாலாகக் கட்டி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள். பெயர் டோரீன். அவள் பேசியது இங்கிலீஷ். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"முதல்ல உட்காருங்க," என்று ஒரு நாற்காலியைக் காட்டினாள். தண்ணீர் பாட்டில் ஒன்றையும் வைத்தாள்.

யாமினி காதோடு சொன்னாள்: "பட்டுப்புடவைக் கடை வரவேற்பு, பாஸ். அடுத்து ஜமுக்காளம் விரிப்பாங்க பாருங்க."

நஞ்சுண்டன் உட்கார்ந்தார். "எனக்கு இது பழக்கமில்லை. முதல் துப்பாக்கி. எங்கே ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"எதுக்கு வேணும்?"

"இன்னும் முடிவு பண்ணல."

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

நஞ்சுண்டன் பொய் சொல்லத் தெரிந்தவர்தான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பொய் தேவைப்படவில்லை. "நான் மட்டும்."

"எவ்வளவு நாளா?"

"இதெல்லாம் கேக்கணுமா?"

"இதைக் கேக்காத கடைக்கு நீங்க போகவே கூடாது," என்றாள் டோரீன். "நல்லாக் கேட்டுக்கங்க. நீங்க கேள்வியை முடிக்கறதுக்குள்ள ஒருத்தன் ஒண்ணை எடுத்து உங்க கையில வெச்சான்னா, கீழ வெச்சுட்டு வெளிய வந்துடுங்க. உங்களைப் பாத்துச் சிரிச்சா, அப்பவும் வந்துடுங்க. 'வேண்டாம், போய் யோசிச்சுட்டு வா'ன்னு ஒரு தடவையாவது சொல்றாங்களான்னு பாருங்க. சொன்னா அது உங்க கடை. சனிக்கிழமை வகுப்பு இருக்கு. மூணு வாரம் வாங்க. அப்புறமும் வேணும்னு தோணிச்சுன்னா பேசலாம். எவ்வளவு நாளாத் தனியா இருக்கீங்க?"

"ஆறு வருஷம்."

யாமினி திரும்பிக்கொண்டு, சுவரில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தும் அவள் கேட்காத கேள்வி அது.

நஞ்சுண்டன் சட்டைப்பையிலிருந்து தம் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். "மன்னிக்கணும். எனக்கு எதுவும் வாங்க வேண்டாம். கருப்பசாமின்னு ஒருத்தர். அவரோட மகன் பயந்துபோய் எங்களை அனுப்பியிருக்கான்."

டோரீன் அட்டையைப் படித்தாள். முகத்தில் கோபமில்லை. "இந்தக் கதவைத் திறந்துட்டு வர்றவங்க யாருன்னு என் புருஷன்கிட்டகூடச் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் அதே பதில்."

"ஒரு உயிர் விஷயம்."

"அதனாலதான் சொல்ல மாட்டேன். சொல்லிடுவேன்னு தெரிஞ்சா, அடுத்த ஆள் என்கிட்ட பேச மாட்டான். வேற கடைக்குப் போவான்."

ஒரே துப்பு. அதுவும் வாயை மூடிக்கொண்டது. நஞ்சுண்டன் எழுந்தார்.

"பாஸ், இங்க வாங்க," என்றாள் யாமினி.

அவள் முன்னால் ஒரு பெரிய தக்கைப் பலகை. அதன் கீழே ஓட்டை வைத்த ஒரு பெட்டி. 'கேட்க வெட்கமா? எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம்.' புதிதாக வருகிறவர்கள் அட்டையில் சந்தேகத்தை எழுதிப் போட, டோரீன் அடியில் பதில் எழுதிப் பலகையில் குத்தி வைக்கிறாள். நாற்பது, ஐம்பது அட்டைகள் இருக்கும்.

"இது எல்லாரும் படிக்கறதுக்குத்தானே?" என்று கேட்டார் நஞ்சுண்டன்.

"படிக்கத்தான் வெச்சிருக்கேன்," என்றாள் டோரீன். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, யாருக்கோ சொல்வதுபோல், "ஒருத்தர் மட்டும் எல்லாக் கேள்விக்கும் மேல ரெண்டு, ரெண்டுன்னே நம்பர் போடறார். ஒண்ணாம் கேள்வி எங்கேன்னு எனக்கு இன்னும் புரியல," என்றாள்.

நஞ்சுண்டனும் யாமினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் இருவரும் பலகையில் மூக்கு உரச நின்றார்கள்.

ஐந்து அட்டைகள். ஒவ்வொன்றின் உச்சியிலும், நட்ட நடுவில், வளைத்துப் போட்ட ஒரு பிள்ளையார் சுழி.

"துப்பாக்கி கேக்கறதுக்குக்கூடப் பிள்ளையார்கிட்ட பர்மிஷன் வாங்கியிருக்காரு," என்றாள் யாமினி. "படிக்கட்டுமா?"

எல்லாம் அச்சுப்போல நிமிர்ந்த இங்கிலீஷ் எழுத்து. அவள் தமிழாக்கியே படித்தாள்.

"மொதல் அட்டை. 'ஐயா அல்லது அம்மா, முதல் கடையில் என் வயதைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் கடையில் கேட்காமலே பெரியதைக் கையில் கொடுத்தார்கள். இங்கே உட்காரச் சொன்னார்கள். ஆகவே என் சந்தேகங்களை இங்கேயே கேட்க உத்தேசித்துள்ளேன்.'"

"அடுத்தது."

"'குண்டு வீட்டுச் சுவரைத் துளைக்குமா? எனக்கு அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.' பாஸ்! தன்னைத்தானே ஏதாவது பண்ணிக்க நினைக்கறவர் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பத்தி யோசிப்பாரா?"

"யோசிக்கலாம். நல்லவங்க கடைசிவரைக்கும் அடுத்தவங்களைத்தான் யோசிப்பாங்க. அவசரப்படாதே. அடுத்தது."

"'சத்தம் மட்டும் வந்து குண்டு வராத வகை உண்டா? எங்கள் பக்கம் காட்டுப்பன்றியை வெடி போட்டுத்தான் விரட்டுவோம். கொல்வதில்லை.'"

நஞ்சுண்டனின் புருவம் முதல் தடவையாக ஏறியது. "விரட்டறதா? யாரை? நாலாவது?"

யாமினி படித்தாள். இந்த முறை மெதுவாக.

"'உள்ளே வருகிறவன் எதையும் எடுப்பதில்லை. மாலை ஆறு மணிக்கு ஹாலில் விளக்கைப் போடுகிறான். குளிர் அதிகமானால் ஹீட்டரைக் கூட்டுகிறான். நான் பூட்ட மறந்த வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறான். நான் ஒரு தடவைகூட அவனைப் பார்த்ததில்லை. சட்டப்படி இவன் திருடனா?'"

கீழே டோரீனின் பதில்: 'இதற்குத் துப்பாக்கி மருந்தில்லை. போலீஸைக் கூப்பிடுங்கள். அதைவிட, உங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.'

யாமினி அட்டையிலிருந்து நிமிர்ந்தாள்.

"பேயா பாஸ்?"

"பேய்க்கு எதுக்கு ஹீட்டர்?"

"அதுவும் சரிதான். அதுக்கு ஏற்கெனவே ஒடம்பு கெடையாது."

"யோசிச்சுப் பாரு. வயசான மனுஷனுக்குக் குளிருமேன்னு கவலைப்பட்டு வீட்டுக்குள்ள பூந்து ஹீட்டரைக் கூட்டிட்டுப் போற திருடன் உலகத்துல யாரு இருக்க முடியும்?"

யாமினியின் வாய் திறந்தது. ஜோக் எதுவும் வரவில்லை. "கோடு..." என்றாள். "டோர் கோடு எங்கிட்ட இருக்குன்னாரே. பூட்டு போன்ல இருந்தே வேலை செய்யுற பூட்டு. அப்படின்னா லைட்டும், ஹீட்டரும்..."

"நியூ ஜெர்சியில உக்காந்துட்டு."

"அப்பாவுக்கு அது தெரியாது!"

"அஞ்சாவது அட்டையைப் படி."

மை காயாத மாதிரி பளபளத்தது அது. இன்றைய தேதி. 'இன்று காலை பெற்றுக்கொண்டேன். நாற்காலிக்கு நன்றி.'

நஞ்சுண்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "யாமினி, காலையில இருந்து நாம தப்பான ஆளைக் காப்பாத்த ஓடிட்டிருக்கோம். ஆபத்து அப்பாவுக்கு இல்ல. எட்டு மாசமாப் பயந்துபோன ஒரு மனுஷன் இப்ப துப்பாக்கியோட ஹால்ல உக்காந்திருக்காரு. அந்தத் திருடன் கோடு போட்டு வாசல் கதவைத் திறந்துட்டு நேரா உள்ள போகப் போறான்."

யாமினி ஏற்கெனவே போனில் இருந்தாள். "ஃப்ளைட் சொன்ன நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாடியே எறங்கிடுச்சு பாஸ். சபரி நம்பர் வாய்ஸ்மெயிலுக்குப் போகுது."

டோரீன் தமிழ் ஒரு எழுத்தும் அறியாதவள். ஆனால் முகங்களைப் படிக்கத் தெரிந்தவள். ஓடிவந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "போங்க," என்றாள்.

*

திராட்சைத் தோட்டங்கள் ஆரம்பிக்கிற இடத்தில், ஒற்றை மாடி வீடு. பகல் பன்னிரண்டே முக்காலுக்குத் திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன.

"துப்பாக்கி வெச்சிருக்கறவரு வீட்டுக் கதவை எந்த மாதிரி தட்டணும்னு டோரீன்கிட்ட கேட்டிருக்கலாம்," என்றாள் யாமினி.

நஞ்சுண்டன் தட்டவில்லை. புல்வெளியில் நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்று, வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுகிறாற்போலக் குரல் கொடுத்தார். "அண்ணா! கருப்பசாமியண்ணா! சத்தியமங்கலம் நஞ்சுண்டன் வந்திருக்கறனுங்க!"

"யாருங்க?"

"சபரியோட சிநேகிதருங்க! கூட ஒரு பொண்ணும் வந்திருக்குது!"

தாழ்ப்பாள் விலகியது. மெலிந்த, உயரமான மனிதர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். கை வெறுங்கையாக இருந்தது. யாமினி மூச்சுவிட்டாள்.

"சத்தியமங்கலமுங்களா? நான் பக்கத்துல கோபிச்செட்டிபாளையமுங்க. வாங்க, வாங்க. தண்ணி குடிக்கறீங்களா, காபி போடட்டுங்களா?"

உள்ளே நுழைந்ததும் யாமினியின் கண்ணில் பட்டது சாமி அலமாரி. நடுவில் ஒரு பெண்மணியின் படம். எட்டு மாதத்துக்கு முன்னால் இறந்துபோன மனைவி வான்மதி. படத்துக்கு முன்னால் ஒரு கறுப்புப் பெட்டி, பூட்டியபடி. அதன் மேல் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ.

அவள் பார்வையைக் கருப்பசாமி கவனித்துவிட்டார். "புதுசா எது வந்தாலும் ஒரு நாளு அவ முன்னால வெச்சுட்டுத்தான் எடுக்கறதுங்க. காரு, மிக்ஸி, எல்லாமே அப்பிடித்தான். இன்னும் தொறக்கலீங்க. சாவி இங்கெ இருக்குது." சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

"எதுக்கு வாங்குனீங்கண்ணா?" என்று கேட்டார் நஞ்சுண்டன்.

வந்த காரணம் கருப்பசாமிக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் மறைக்கவில்லை. இத்தனை நாள் கேட்க ஆளில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

"எட்டு மாசமாங்க. ஆறு மணியாச்சுன்னா இந்த ஹால்ல லைட்டு தன்னால எரியும். மொதல்ல அவதான்னு நெனச்சனுங்க. விளக்கு வெக்கற நேரத்துக்கு அவதான் போடுவா. பயமே இல்லீங்க, சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஒரு வாரம் ஒக்காந்து பேசிட்டிருந்தேன். அப்பறம் ஒரு நாளு பாக்கறேன், ஹீட்டரு எழுவத்திநாலு டிகிரி ஃபாரன்ஹீட்டுல நிக்குது." அவர் தலையை ஆட்டினார். "அவ அறுவத்தெட்டு டிகிரியைத் தாண்ட விட மாட்டாளுங்க. 'ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கங்க'ம்பா. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, இது அவ இல்ல, வேற ஆளுன்னு."

"மகன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா, அப்பனுக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னுதானுங்க நெனப்பான். இந்த வீட்டை வித்துப்போட்டு அங்க கூட்டிட்டுப் போயிருவான். அவ இருந்த வீடுங்க இது. இங்கதான் அவ எங்கூடப் பேசிட்டிருந்தா."

யாமினியின் போன் அடித்தது. திரையில் சபரிநாதன். அவள் ஸ்பீக்கரைப் போடாமல் நஞ்சுண்டனிடம் நீட்டினாள்.

"தம்பி, நான் நஞ்சுண்டன். உங்க வீட்லதான் இருக்கேன். அப்பா நல்லா இருக்காரு, எதிர்லதான் நிக்கறாரு. நீங்க எங்க இருக்கீங்க? ஊபர்லயா? சரி. இப்ப எதுவும் கேக்காதீங்க. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. உங்க போன்ல அந்த ஆப்பைத் தொறங்க. ஹால் லைட்டை மூணு தடவை போட்டு அணைங்க."

மறுமுனையில் ஏதோ தட்டும் ஓசை.

திரை மூடிய அந்த அரை இருட்டு ஹாலில் பளிச்சென்று விளக்கு எரிந்தது.

கருப்பசாமியின் கை தன்னால் சட்டைப்பைக்குப் போயிற்று. ஒரே எட்டில் அவர் அலமாரிக்கு முன்னால் நின்றார். அந்த ஒரு நொடியில், கண்ணுகளா, எட்டு மாதத்துப் பயம் முழுவதும் அவர் முகத்தில் ஏறி இறங்கியது. நஞ்சுண்டன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடிக்கவில்லை, நாடி பார்க்கிற மாதிரி.

"எண்ணுங்கண்ணா. சத்தமா எண்ணுங்க."

விளக்கு அணைந்தது.

"ஒண்ணு," என்றார் கருப்பசாமி.

எரிந்தது. அணைந்தது. "ரெண்டு."

எரிந்தது. அணைந்தது.

"மூணு." அவர் காத்திருந்தார். நாலாவது வரவில்லை. "யாருங்க இது?"

யாமினி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அப்பா," என்றது போன். "நாந்தாம்பா."

கருப்பசாமி நின்ற இடத்திலேயே நின்றார்.

"அப்பா, நான் சொன்னேனே. கருமாதி அன்னைக்கு. ஸ்விட்ச், லாக், தெர்மோஸ்டாட் எல்லாத்தையும் மாத்திட்டேன், எங்க இருந்து வேணாலும் கன்ட்ரோல் பண்ணலாம்னு. நீங்க தலையாட்டுனீங்களே."

"அன்னைக்கு எல்லாத்துக்கும்தான் சாமி தலையாட்டுனேன்."

கருப்பசாமி போனுக்குக் கிட்டே வந்தார்.

"எதுக்குடா லைட்டப் போட்ட?"

"நீங்க இருட்டுல உக்காந்திருப்பீங்கன்னுதாம்பா. இங்க ராத்திரி ஒம்பது மணியானா அங்க ஆறு. தெனமும் அப்ப அதான் என் வேலை."

"ஒரு போனு பண்ணியிருக்கலாமே."

"பண்ணா என்னப்பா பேசறோம்? 'சாப்டயா', 'சாப்ட்டேன்', 'சரி வெச்சர்றேன்'. அரை நிமிஷம்கூட ஓடாது. அம்மா இருந்தவரைக்கும் அவங்கதான் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல பேசுனாங்க. எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலப்பா. லைட்டப் போட்டா அங்க இருக்கற மாதிரி இருந்துச்சு."

கருப்பசாமி சோபாவில் உட்கார்ந்தார். நஞ்சுண்டன் ஜன்னல் பக்கம் திரும்பி, திரையை விலக்கி, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒருவரும் இல்லை. ஆறு வருஷமாக அவருடைய வீட்டில் யாரும் அவருக்காக விளக்குப் போட்டதில்லை. அதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

"அப்பா, கன் எதுக்கு?" என்றது போன், மிகச் சன்னமாக.

"உன்னைச் சுடறதுக்குத்தான்," என்றார் கருப்பசாமி. சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது போலிருந்தது. "வெறும் சத்தம் போட்டு வெரட்டலாம்னுதான் சாமி நெனச்சேன். நீன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"நான் வேற மாதிரி நெனச்சுட்டேம்பா. நீங்க... உங்களையே..."

கருப்பசாமி மனைவியின் படத்தைப் பார்த்தார். நஞ்சுண்டனைப் பார்த்தார். "அந்த நெனப்பு ஒரு நாளும் வந்ததில்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், சபரி. ரெண்டு மூணு நாளு வந்துச்சு. ஆனா இதை வாங்குனது அதுக்கில்ல. இது பயத்துல வாங்குனது."

"அப்பா..."

"வா. வந்தப்பறம் பேசலாம். இன்னிக்கு அரை நிமிசத்துல வெக்க மாட்டேன். எங்க வந்துட்டிருக்க?"

"காஸ்ட்ரோ வேலி தாண்டியாச்சு. இருபது நிமிஷம்."

"ஒண்ணு சொல்றேன் கேளு. கதவை அங்கிருந்து தொறந்து வெக்காத. வந்து தட்டு. நான் வந்து தொறக்கறேன்."

போன் அணைந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து யாமினியின் உள்ளங்கையில் வைத்தார். "நீ வெச்சுக்க, கண்ணு. நாளைக்கு எல்லாருமாப் போயி பொட்டியை அந்தம்மாகிட்டயே குடுத்துப்போடலாம். திருடன் கெடச்சுட்டான்னு அவங்ககிட்ட சொல்லோணும்."

"பிடிச்சது நாங்க, அங்கிள்," என்றாள் யாமினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "காபி ரெண்டு டம்ளர் எக்ஸ்ட்ரா ஆகும்."

"அவனுக்கும் சேத்து நாலாப் போடு. டிகாக்சன் இருக்குது."

யாமினி சமையலறையில் பால் காய்ச்சினாள். கருப்பசாமி திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்தது. தூசி தெரிந்தது; அதை அவர் துண்டால் துடைத்தார். குளியலறைக்குப் போய்த் தலைவாரிக்கொண்டு வந்தார்.

பிறகு வாசலில் கார் நிற்கும் ஓசை. காரின் கதவு சாத்தும் ஓசை. காலடி. வாசல் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தயக்கம்.

டொக், டொக்.

அருகில் இருந்தவள் யாமினி. பழக்கத்தில் திறக்கக் கை நீட்டினாள். நஞ்சுண்டன் கண்ணால் தடுத்தார்.

கருப்பசாமி எழுந்தார். வலது முட்டி அவருக்கு மடங்காது. சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஹாலைக் கடக்க அவருக்கு நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. கதவருகில் நின்று, நிலையில் ஒரு கையை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யாருங்க?"

"நாந்தாம்பா. சபரி."

அவர் தம் கையாலேயே தாழ்ப்பாளைத் திருகினார்.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாய் திறந்து 'நான்தான்' என்று சொல்லி வரட்டும். எழுந்து போய்த் திறக்கிற முட்டிகளுக்குத் தெம்பு இருக்கட்டும். தூரத்தில் இருக்கிற உங்கள் பிள்ளைகளின் வாயில் பேச்சு வற்றாமல் இருக்கட்டும், உங்கள் வாயிலும்தான். உங்கள் குடும்பம் நிறைந்து இருக்கட்டும். போய்ச் சாப்பிடுங்கள்.